காய்ந்த ஒரு சொட்டு

என் நாக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் அது நீளும் என்பது ஆம்பூர் தோல் ஷாப்புகளில் எல்லாருக்கும் தெரியும். அதை நான் மறைத்ததும் இல்லை. நான் சொல்ல வந்தது அதன் இன்னொரு வேலையை. எங்கள் ஷாப்பில் ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பு போக்கிக் கழுவிய பிறகு, உப்பும் ஆசிடும் கலந்த தண்ணீரில் போட்டு டிரம்மில் சுற்றவிடுவோம். பிக்கிள் என்று அதற்குப் பெயர். உப்பு கம்மியாக இருந்தால் ஆசிட் ஏறித் தோல் பூரி மாதிரி உப்பிவிடும். அப்புறம் அது ஷூவுக்கும் ஆகாது, செருப்புக்கும் ஆகாது. உப்பு போதுமா என்று பார்க்கக் கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு, மற்ற ஷாப்புகளில் அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். எங்கள் ஷாப்பில் மேஸ்திரி புகழேந்தி விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பான். அந்தப் புகழேந்தி நான்தான்.

இருபத்திரண்டு வருஷம் அப்படிப் பார்த்தேன். தோல் வாங்க வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் முதலாளி முக்தார் அகமது பாய் என்னைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் விரலை விடச் சொல்வார். கண்ணாடிக் குழாய் உடைந்தால் வேறு வாங்கலாம், இந்த நாக்கை எந்தக் கடையில் போய் வாங்குவது என்று அவர் ஒரு முறை சொன்னார். அதை நான் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அந்த நாக்கின் பேரில் ஒரு ஆளுக்கு வேலையே போயிருக்கிறது. கோவிந்தசாமி என்று டிரம் ஆபரேட்டர். நான் சொல்லப்போகும் கதைக்கு ஒன்றரை வருஷம் முந்தைய மழைக்காலம் அது. உப்பு மூட்டைகள் லாரியில் நனைந்துகொண்டே வந்திருந்தன. கோவிந்தசாமி வழக்கமான எண்ணிக்கையில் மூட்டைகளைக் கொட்டினான், நான் ருசி பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ஆயிரத்து இருநூறு தோலும் உப்பிக் கிடக்கிறது. நான் பார்த்தபோது சரியாக இருந்த உப்பு அதற்கப்புறம் எப்படிக் குறையும்? தண்ணீர் வால்வை இவன் ஒழுங்காக மூடாமல் விட்டிருக்கிறான், உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். மூடினேன் மேஸ்திரி, கையால் திருகி மூடினேன் என்று அவன் பிள்ளைமேல் சத்தியம் செய்தான். பத்து பேர் நடுவே அவனை நான் கேட்காத கேள்வி இல்லை. அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கணியம்பாடிப் பக்கம் மாமனார் ஊருக்குப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அதில் வருத்தம்கூட இல்லை.

இப்போது கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். இரண்டாயிரத்து ஐந்து, ஏப்ரல் கடைசி. எங்கள் கம்பெனியில் ஷூ டிசைன் போடும் அறை, தோலை உப்புத்தாளில் தேய்க்கிற பஃப்பிங் ஹாலுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. தோல் தூள் மைதாமாவு மாதிரி பறக்கும். கம்ப்யூட்டரின் காற்றாடி அதை உள்ளே இழுத்து இழுத்து அடைத்துக்கொள்ளும், வெயில் வேறு வேலூர் வெயில். இரண்டு மாதத்துக்கு ஒரு மிஷின் சூட்டில் செத்துப்போகும். அதைத் திறந்து தூள் தட்டிச் சரிசெய்ய பஜாரில் சர்வீஸ் கடை வைத்திருந்த நெல்வின் வருவான். எங்கள் தெருக்காரன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், கோபமே வராத பிறவி.

அந்த நெல்வினுக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டியை ஓட்டை இல்லாமல் மூடிவிடுவது. உள்ளே காற்றாடி வேண்டாம். கார் இன்ஜினைக் குளிரவைப்பதுபோல் தண்ணீர் விட்டுக் குளிரவைப்பது. கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசஸர்மேல் ஒரு செப்புக் கட்டி உட்காரும், அதற்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, குழாய் வழியாகச் சுவரைத் தாண்டி வராந்தாவில் இருக்கும் ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பி வரும். இன்டர்நெட்டில் யாரோ வெள்ளைக்காரன் செய்ததைப் பார்த்திருக்கிறான். நம் பக்கத்தில் யாரும் செய்ததில்லை.

முதலாளி முதலில் சிரித்தார். பிறகு ஒரு மிஷின் செய்து காட்டச் சொன்னார். திங்கட்கிழமை ஒரு முழு ஷிப்டு டிசைன் ரூமில் ஓடினால் மற்ற ஆறு மிஷினையும் நெல்வினே செய்யலாம். ஆனாலும் அவருக்குப் பயம் போகவில்லை, தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டியில் என்றால் யாருக்குத்தான் பயம் வராது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கரண்டு அவன் பொறுப்பு. தண்ணி என் பொறுப்பு, பாய். தண்ணியால ஒரு தப்பு வந்தா அன்னியிலிருந்து என்னை மேஸ்திரின்னு கூப்பிடாதீங்க."

இப்படிச் சொன்னேன். டிசைன் ரூம் பிள்ளைகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி உடனே சரி என்றார். என் வார்த்தைக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

நெல்வின் கடையில் கால் வைக்க இடமில்லை, அதனால் வேலை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அவன் வேலை செய்கிற முறை எனக்குப் புதிது. எந்த உருப்படியும் பெட்டிக்கு வெளியே ஓடிக் காட்டாமல் பெட்டிக்குள் போகக்கூடாது என்பான். வெள்ளிக்கிழமை மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டிமேலேயே வைத்து, பழைய காற்றாடியை மாட்டி, பவர் சப்ளை கொடுத்து ஓட்டினான். ராம் என்கிற மெமரிப் பட்டை இரண்டையும் ஒன்றாகப் போடமாட்டானாம், முதலில் இதைத் தனியாக, பிறகு அதைத் தனியாக. பிறகு இடம் மாற்றி. ஏதோ ஒரு டெஸ்ட்டை ஓடவிட்டு மணிக்கணக்கில் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்களே என்று கேட்டேன். ஒன்று கெட்டிருந்து அது தெரியாமல் மூடிவிட்டால், அப்புறம் நல்லதையெல்லாம் சந்தேகப்பட வேண்டிவரும் அண்ணா என்றான். சின்னப்பையன் பெரிய பேச்சு பேசுகிறானே என்று சிரித்தேன்.

சனிக்கிழமை என் முறை. மீன் தொட்டிக்குப் போடும் குட்டி மோட்டார், மாருதி வண்டியிலிருந்து கழற்றிய சின்ன ரேடியேட்டர், ராணிப்பேட்டை லேத்துப் பட்டறையில் குடைந்து வாங்கிய செப்புக் கட்டி, குழாய், கிளிப்புகள். இதையும் தனியாக ஓட்டிப் பார்க்கவேண்டும், மிஷின் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு நாள் முழுக்க ஓடி எங்கேயும் கசியாவிட்டால்தான் பெட்டிக்குள் போகும். கசிவு தெரிய டிஷ்யூ பேப்பர் விரிக்கலாம் என்றான் நெல்வின். பேப்பர் எதற்கு, நான் கறுப்புப் பாலிஷ் தோல் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தேன். கறுப்புத் தோலில் ஒரு சொட்டு விழுந்தாலும் கண்ணில் குத்தும், ஷாப்பில் நாங்கள் தண்ணீர்க் கறை பார்ப்பது அப்படித்தான். அவனே அதை மெச்சினான்.

பிரச்சினை தண்ணீரில் வந்தது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேன் வாங்கி வந்திருந்தான். உப்பு இருக்கிற தண்ணீர் செப்பை அரித்துக் குழாயை அடைத்துவிடுமாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இந்த வீட்டைக் கட்டி மூன்று வருஷம். ஊருக்கு வெளியே மனை வாங்கி, போர் போட்டு, முதல் தண்ணீர் பீறிட்டபோது நானே கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து இளநீர் என்று சொன்ன தண்ணீர். ஆம்பூரில் பாதி ஊர் கேனில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போது என் வீட்டில் மட்டும் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர். இதைவிட்டுப் பேட்டரி தண்ணீரா?

அடுக்களை வாசலில் நின்றிருந்த என் மனைவி அமிர்தவள்ளி, அவர் கொண்டுவந்ததையே ஊற்றுங்களேன் என்று மெல்லச் சொன்னாள். அவள் பிறந்த ஊர் ஆலங்காயம், மலையடிவாரம். அங்கே குடித்து வளர்ந்த ராணியம்மாவுக்கு நம் தண்ணீர் எங்கே பிடிக்கப்போகிறது என்று ஒரு குத்துக் குத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் பின்கட்டுக் குழாயில் ஒரு சொம்பு பிடித்து வந்து, நெல்வின் கண் முன்னால் ஒரு வாய் குடித்து, தேன் என்றேன். அதைத்தான் ஊற்றினோம். கிளிப் ஒன்றை இறுக்கும்போது ஒரு சொட்டு தோல்மேல் விழுந்தது, துடைக்க மறந்துபோனோம். அதற்கப்புறம் ஒரு சொட்டும் விழவில்லை. மோட்டார் சத்தமில்லாமல் ஓடியது. சாப்பிட உட்கார்ந்தேன், குழம்பில் வழக்கம்போல் உப்பில்லை. அவள் குடும்பத்துக்கே உப்புப் போடக் கை வராது என்று சொல்லிக்கொண்டு உப்பு ஜாடியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நெல்வின் சர்ச்சிலிருந்து நேராக வந்தான், வெள்ளைச் சட்டை, கையில் பைபிள். அதை ஜன்னலில் வைத்துவிட்டுக் கூடத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு கிளிப்பாகத் தடவிப் பார்த்தான். எங்கேயும் ஈரமில்லை. பார்த்தியா, தண்ணி விஷயத்துல நம்மள யாரு அடிச்சுக்க முடியும் என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன். அவன் கறுப்புத் தோலில் ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று விழுந்த அந்த ஒரு சொட்டு காய்ந்து, எட்டணா அளவுக்கு வெள்ளை வட்டமாக நின்றிருந்தது. நகத்தால் சுரண்டினான். பொடியாக வந்தது. நாக்கு நுனியில் வைத்தான், முகம் சுருங்கியது.

"ண்ணா, உப்பு கரிக்குது."

சுண்ணாம்பாக இருக்கும் என்றேன். எழுந்துபோய் நானும் சுரண்டி நாக்கில் வைத்தேன். ஒன்றுமில்லை. பல்லுக்கடியில் நறநறவென்று இருந்தது, அவ்வளவுதான். சுண்ணாம்புதான்டா, ருசியே இல்லையே என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மிச்சமிருந்த பொடியை முழுக்க வழித்து வாயில் போட்டேன். ஒன்றுமில்லை.

ஆனாலும் நான் புகழேந்தி ஆயிற்றே. அடுக்களைக்குப் போய் ஜாடியிலிருந்து கல் உப்பு ஒரு விரலளவு எடுத்து நாக்கின் நடுவில் வைத்து வாயை மூடிக்கொண்டேன். கரைகிறது தெரிந்தது. ருசி, பக்கத்துத் தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவது மாதிரி எங்கேயோ தூரத்தில் கேட்டது. நம்மைத்தானா என்றுகூடத் தெரியவில்லை. அமிர்தவள்ளி காய் அரிந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கூடத்துக்கு வந்து நெல்வினிடம் கத்தினேன். உன் மீட்டரை எடு, நாக்கை நம்பவேண்டாம், மீட்டர் வைத்துக் காட்டு என்றேன். கரண்டுக்காரர்கள் வைத்திருக்கும் முள் மீட்டர் அவன் பையில் இருந்தது. இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்தான், ஒன்றில் பேட்டரி தண்ணீர், ஒன்றில் பின்கட்டுக் குழாய்த் தண்ணீர். உப்பு இருந்தால் தண்ணீரில் கரண்டு ஓடும், முள் பாயும், இல்லாவிட்டால் முள் படுத்தே கிடக்கும் என்றான். பேட்டரி தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டான். முள் அசையவில்லை. குழாய்த் தண்ணீரில் விட்டான். முள் தாவி மறு கோடிக்குப் போய்விட்டது.

இது ஒன்றை வைத்து எப்படி நம்புவது என்று கேட்டேன். தோற்கிறவன் கேட்கிற கேள்விதான். உன் மீட்டர் யோக்கியதையை நான் காட்டுகிறேன் என்று சொல்லி, அடுக்களையில் குடிக்கிற பானையிலிருந்து மூன்றாவது டம்ளரை நானே மொண்டு வந்தேன். பானைத் தண்ணீரும் அதே குழாய்த் தண்ணீர்தான். அதில் முள் வேறு மாதிரி நின்றால் மீட்டர் பொய், ஒரே மாதிரி நின்றால் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சவால் விட்டேன். நெல்வின் தயங்கினான். நான் அவன் கையைப் பிடித்துக் கம்பிகளை உள்ளே விடவைத்தேன்.

முள் கொஞ்சம் நகர்ந்து, பாதிக்கும் கீழேயே நின்றுவிட்டது. கம்பியை எடுத்துத் துடைத்து மறுபடி குழாய்த் தண்ணீர், தாவியது. மறுபடி பானை, பழைய இடத்திலேயே நின்றது.

"ண்ணா, இது வேற தண்ணி."

வேற தண்ணி எங்கே இருந்து வரும் என்று கேட்க வாயெடுத்தேன். அமிர்தவள்ளி வாசலில் வந்து நின்றிருந்தாள். கையில் அரிவாள்மனைக் கறை. பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணின முகம், எனக்குத் தெரியாத முகமாக இருந்தது.

"அக்தரி பேகம் அக்கா வூட்டுக் கெணத்துத் தண்ணி. தெனம் ரெண்டு கொடம். நீங்க ஆறு மணி ஷிப்டுக்குப் போன பொறவு எடுத்தாந்து ஊத்திடுவேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"இந்த வூட்டுக்கு வந்த மூணாம் நாள்ல இருந்து."

மூன்று வருஷம். மூன்று வருஷமாக நான் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் என் போர்த் தண்ணீர் என்று சொல்லி டம்ளர் டம்ளராக நீட்டியது அடுத்த தெருக் கிணற்றுத் தண்ணீர். அவளும் தலையில் சுமந்துகொண்டு வந்து, நான் மீசையை முறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதல் நாளே சொன்னேனே என்றாள். அப்போது ஞாபகம் வந்தது. குடிபோன அன்றைக்கு உப்புக் கரிக்கிறது என்று அவள் சொன்னதும், சொம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். நெளிந்த அந்தச் சொம்பில்தான் நேற்றுத் தண்ணீர் பிடித்து வந்து தேன் என்றேன். சோப்பு நுரைக்கவில்லை என்று மூன்று கம்பெனி சோப்பு மாற்றினேன். குழாயெல்லாம் வெள்ளை பூத்தபோது குழாய் மட்டம் என்று கடைக்காரனோடு சண்டை போட்டேன். குழம்பில் உப்பில்லை, ரசத்தில் உப்பில்லை, கல்யாண வீட்டுச் சாப்பாட்டிலும் உப்பில்லை. ஊரே சேர்ந்து எனக்கு மட்டும் உப்புப் போட மறந்ததா? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். வாய்க்குள்ளேயே இருக்கிற நாக்குமா தெரியாமல் போகும்?

நெல்வின் பையை எடுத்துக்கொண்டு பின்கட்டுப் பக்கம் நகரப் பார்த்தான். இரு என்றேன். எனக்குத் தனியாக நிற்கப் பயமாக இருந்தது. அமிர்தவள்ளி இன்னும் போகவில்லை. சொல்லவேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"கோவிந்தசாமி விஷயம் வந்தப்பவே எனக்குத் தெரியும். உங்க நாக்குலதான் பழுதுன்னு. சொல்லலாம்னு வாசல் வரைக்கும் வந்தேன், உங்களப் பார்த்ததும் பயந்துக்கினு உள்ள போய்ட்டேன். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்குது."

தலையில் இடி விழுந்தது என்று சொல்வார்கள், எனக்கு அப்படி இல்லை. எல்லாம் நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நனைந்த உப்பு. ஈர மூட்டையில் பாதி தண்ணீர், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உப்பு கம்மியாகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தானே விரலை விடுகிறோம்? உப்பு காய்ந்து வந்த நாளெல்லாம் மூட்டைக் கணக்கே வேலையைப் பார்த்துக்கொண்டது, பெயர் மட்டும் என் நாக்குக்கு வந்தது. நாக்கு தேவைப்பட்ட ஒரே ஒரு நாள், அது செத்துக் கிடந்தது. வால்வு கசியவும் இல்லை, தண்ணீர் இறங்கவும் இல்லை. ஒன்று கெட்டிருந்து அது தெரியாமல் மூடிவிட்டால் நல்லதையெல்லாம் சந்தேகப்பட வேண்டிவரும் என்று இந்தப் பையன் சொன்னபோது நான் சிரித்தேன்.

அன்றைக்கு மத்தியானம் நெல்வின் ரேடியேட்டரைக் கழற்றிக் கொட்டினான், ஒரே நாளில் தண்ணீர் கலங்கலாக வந்தது. பேட்டரி தண்ணீர் விட்டு நான்கு முறை அலசினோம். அலசினோம் என்றால் அவன் அலசினான், நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு புதுத் தண்ணீரை ஊற்றி மறுபடியும் ஓடவிட்டான். திங்கட்கிழமை விடியற்காலையில் வந்து ஒரு முறை எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

மிஷின் ஓடியது. டிசைன் ரூமில் பஃப்பிங் தூள் பெட்டிமேல் விரல் கனத்துக்குப் படிந்தும், உள்ளே ஒன்றும் ஆகாமல் ஷிப்டு முடியும்வரை ஓடியது. ஆறு மிஷின் வேலையும் நெல்வினுக்கு என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு என் தோளில் தட்டினார். தண்ணி உன் பொறுப்புன்னு சொன்னியே, சொன்ன மாதிரியே செஞ்சுட்ட என்றார். தட்டின கை கனத்தது. தண்ணீர் என்னுடையது இல்லை, நான் ஊற்றியது உப்புத் தண்ணீர், இவன் மீட்டர் வைத்துக் கண்டுபிடித்து மாற்றினான் என்றேன். யாருக்கும் புரியவில்லை. நெல்வின் தரையைப் பார்த்தான்.

முதலாளி ரூமில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கையும் சொன்னேன், நனைந்த உப்பையும் சொன்னேன், கோவிந்தசாமியையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கண்ணாடிக் குழாய் நாளைக்கே வாங்கிவிடலாம், வெளியே யாருக்கும் சொல்லவேண்டாம், தோல் வாங்குகிற வெளிநாட்டுக்காரர் காதுக்குப் போனால் பேஜார் என்றார். கோவிந்தசாமி? அது பழைய கதை, அவனும் எங்கேயோ பிழைத்துக்கொண்டிருப்பான், கிளறினால் உனக்கும் அசிங்கம் எனக்கும் அசிங்கம் என்றார். டீ சொல்லி அனுப்பினார். ஒரு ஆளின் பிழைப்பு இவ்வளவு சுலபமாகப் பழைய கதை ஆகிவிடுமா என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு அவனை அனுப்பும்போது நானும் இவ்வளவு சுலபமாகத்தான் டீ குடித்தேன் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. டீயைத் தொடாமல் எழுந்தேன். இனிமேல் என்னை மேஸ்திரி என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் வேலூர் போய் பஸ் மாறிக் கணியம்பாடியில் இறங்கினேன். தோல் ஷாப்பு கோவிந்தசாமி என்று விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. வேலை முடிந்து வந்து, வீட்டு முன்னால் சிமென்ட் தொட்டிக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். குழாயை மூடினான். மூன்று அடி வந்தவன் திரும்பிப் போய், மூடின குழாயைத் தொட்டு இன்னொரு முறை திருகிப் பார்த்தான். பிறகு குனிந்து குழாய் வாயில் விரலை வைத்துப் பார்த்தான். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் வந்திருந்தேன். அவன் தோள் துண்டை எடுத்துவிட்டு, வாங்க மேஸ்திரி என்றான். பழைய மரியாதை அப்படியே இருந்தது. கட்டிலில் உட்காரவைத்து மனைவியைக் கூப்பிட்டான். அந்தம்மா என் முகத்தைப் பார்க்காமல் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் ஒரு வாய் குடித்தேன்.

"உப்பு போதுமா மேஸ்திரி? இன்னும் கொஞ்சம் போட சொல்லட்டா?"

அவன் குத்திக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆளைக் கேட்கிற கேள்விதான்.

"தெரியல கோவிந்தசாமி," என்றேன். "எனக்கு உப்பு தெரியாது. அன்னிக்கும் தெரியல."

அப்புறம் மளமளவென்று சொன்னேன். கம்ப்யூட்டர், கறுப்புத் தோல், காய்ந்த சொட்டு, மீட்டர் முள், பானைத் தண்ணீர், ஈர உப்பு. கோர்வையாக வந்ததா என்று தெரியவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை நான் அதற்குமுன் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை, அது வாயில் கட்டைபோல் கிடந்து ஒருவழியாக வெளியே வந்தது. அவன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கையைக் கையால் பிசைந்துகொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் ஏதோ கடன் கேட்பவன்போலத் தணிந்த குரலில் கேட்டான்.

"அப்போ அன்னிக்கி நான் வால்வை மூடித்தான் வச்சேனா?"

"மூடித்தான் வச்ச."

"நல்லா இறுக்கி மூடினேனா?"

"இறுக்கித்தான் மூடின. தப்பு என்னுது."

அவன் கீழே உட்கார்ந்துவிட்டான். ஒன்றரை வருஷமாக யோசித்து யோசித்து, திருகினேனா, திருகினதாக நினைத்துக்கொண்டேனா என்று தனக்கே புரியாமல் போய்விட்டதாம். நீங்கள் சொன்னால் தப்பாக இருக்காது, நான்தான் மறந்திருப்பேன் என்று முடிவுக்கே வந்துவிட்டானாம். பிள்ளைமேல் பொய்ச் சத்தியம் செய்துவிட்டோமே என்று அந்தப் பிள்ளையைத் தூக்கக்கூடப் பயந்துகொண்டு இருந்திருக்கிறான். இதையெல்லாம் அவன் தரையைப் பார்த்தே சொன்னான். சொல்லி முடித்து, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"இந்தாமே, கேட்டியா? நான் மூடித்தான் வச்சேனாம்."

அந்தம்மா நிலைப்படிக்கு வந்தாள்.

"நாந்தான் அன்னிக்கே சொன்னேனே," என்றாள். "இவுரு சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?"

மோர்ச் சொம்பு என் கையிலேயே இருந்தது.